விரல் மரு புற்றுநோயாகுமா?

கேள்வி: 11 வயது மகளுக்கு விரலில் மரு. எச்.பி.வி. வைரஸாம். அது புற்றுநோய் வைரஸ் ஆச்சே! செல்லுக்குள் என்ன செய்கிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பயப்படாதீர்கள். இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள். விரல் மருவுக்குப் பெரும்பாலும் 2, 4 போன்றவை காரணம், அவை புற்றுநோயாவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 16, 18 வகைகளே காரணம்.

வைரஸ் சின்னக் கீறல் வழியே தோலின் அடியடுக்குச் செல்லில் நுழையும். செல் மேலடுக்குக்கு நகரும்போது பெருகுவதை நிறுத்திவிடும். வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கவோ, பெருகும் செல்தான் வேண்டும். அதனால் 16ஆம் வகையின் ஈ5 புரதம், வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியைச் சிதையவிடாமல் செல்லின் மேற்பரப்புக்கே திருப்பி அனுப்புகிறது. 'வளர்' என்ற கட்டளை ஓய்வதேயில்லை. செல் பெருக்கத்துக்குப் பிரேக் போன்ற நம் ஆர்.பி. புரதத்தை, வைரஸின் ஈ7 புரதம் செயலிழக்க வைக்கிறது. கெட்டுப்போன செல்லைச் சாகச்செய்யும் நம் பி53 புரதத்தை, வைரஸின் ஈ6 அழிக்கிறது. தொற்று ஆண்டுக்கணக்கில் நீடித்து, வைரஸ் மரபணு நம் குரோமோசோமில் ஒட்டும்போது வைரஸின் ஈ2 மரபணு உடைந்தால்தான் பெரிய ஆபத்து: ஈ6, ஈ7ஐ அடக்கிவைப்பது அதுதான்.

மருவை பிளேடால் சீவாதீர்கள், பக்கத்துத் தோலுக்குப் பரவும். ஸ்டான்லி மருத்துவமனை தோல் பிரிவில் காட்டுங்கள். மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள்: 6 மாத இடைவெளியில் 2 ஊசி. 15 வயதாகிவிட்டால் 3 ஊசி. இருக்கும் மருவை அது ஆற்றாது. நீங்கள் 30 வயதைத் தாண்டியிருந்தால், கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.