அவார்டு சம்பளம்: பணம் யார் தருவது?

ஆஸ்திரேலியாவில் சமூக சேவைத் துறையில் வேலை செய்யும் வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் சேர்ந்துவிட்டன. மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பெண்கள் காப்பகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சம்பள அட்டவணையில் அடிப்படைக்கு மேல் ஏதோ ஒரு சதவீதக் கணக்கு தனியாக நிற்கிறது. போனஸா?

போனஸ் இல்லை, பழைய பாக்கி. பெண்கள் அதிகம் பார்க்கும் வேலை என்பதும் உங்கள் சம்பளம் தாழ்ந்துகிடக்க ஒரு காரணம் என்று, சம்பள வழக்குகளை விசாரிக்கும் வேலைத் தீர்ப்பாயம் (இன்று அதன் பெயர் நியாய வேலை ஆணையம், Fair Work Commission) 2011 மே மாதமே ஒப்புக்கொண்டது. 2012 பிப்ரவரி 1-ல் தீர்ப்பு வந்தது. அவார்டில் உங்கள் வேலைக்குத் தந்திருக்கும் சம்பள நிலையைப் பொறுத்து 23 முதல் 45 சதவீதம் உயர்வு. அதையும் 2012 டிசம்பரிலிருந்து 2020 டிசம்பர் வரை 9 தவணையாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். நான்காம் நிலைக்கு 32 சதவீதம். அவார்டு அடிப்படை மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், கையில் வர வேண்டியது 33.

(அவார்டு என்றதும் ஊரில் சால்வை, கேடயம் நினைவுக்கு வரும். இங்கே அது ஒரு தொழிலுக்கு இதற்குக் குறையக் கூடாது என்று சட்டம் வைத்த சம்பள விதி.)

முதல் நிலைக்கும் உண்டா?

இல்லை. 2 முதல் 8 வரைதான்.

"இந்த உயர்வு கில்லார்ட் கொடுத்தது" என்கிறார் என் நண்பர். சரியா?

பாதி சரி. 2009 அக்டோபரில் அமைச்சராக இருந்து, இந்த வழக்குக்காகத் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு போட்டவர் ஜூலியா கில்லார்ட். 2010 மார்ச்சில் சங்கங்கள் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு நவம்பரில் அவருடைய அரசு தாக்கல் செய்த மனுவோ, உயர்வுக்குப் பணம் கொடுத்தால் மற்றச் சேவைகளில் கைவைக்க நேரலாம் என்ற தொனியில் இருந்தது. அப்போது அவர் பிரதமர். கொள்கையளவில் ஆதரவு, கல்லாப்பெட்டி பக்கம் மட்டும் வராதே என்ற கதை. துறையே கொதித்தது, ஊழியர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஓராண்டு கழித்து, 2011 நவம்பர் 10-ல், 200 கோடி டாலருக்கு மேல் தருவதாக அதே அரசு அறிவித்தது. கொடுத்தது உண்மை. கேட்டதும் கொடுத்தார்கள் என்பது உண்மையல்ல. உங்கள் நண்பரிடம் 2010 மனுவைப் படித்தாரா என்று கேளுங்கள்.

சம்பள உயர்வு பற்றி எங்கள் எம்.பி.யிடம் கேட்டால், "ஆணையம் சுதந்திரமானது, நாங்கள் தலையிட முடியாது" என்கிறார்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. தலையிடச் சொல்லவில்லையே! இந்த வழக்கில் அரசும் வாதம் வைக்கலாம், வைத்தது. அதற்கும் மேல், சம்பளம் கடைசியில் அரசின் மானியத்திலிருந்துதான் வருகிறது. ஒரு சிறு அமைப்பில் நான் சம்பளக் கணக்குப் பார்த்த காலத்தில், டிசம்பர் 1 தவணையை ஏற்றிவிட்டு, வந்திருந்த மானியக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொகை சென்ற வருடத்தது, ஒரு டாலர்கூட ஏறவில்லை. சம்பளம் சட்டம், குறைக்க முடியாது. வியாழக்கிழமை மாலைச் சேவையை மூடினோம். அதை யாரும் "அரசு வெட்டியது" என்று சொல்லவில்லை. எங்கள் கதவில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "ஆணையத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? உயர்வுக்கு ஏற்ப மானியம் ஏறுமா, எந்தத் தேதியிலிருந்து?" எழுத்தில் கேளுங்கள். பெரிய வழக்குகளில் தாக்கலாகும் மனுக்களை ஆணையம் தன் தளத்திலேயே வெளியிடுகிறது. மேடைப் பேச்சை விட அதுதான் சாட்சி. மாநில அரசின் மானியத்தில் ஓடும் அமைப்பென்றால் அதே கேள்வியை மாநில உறுப்பினரிடமும் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் பந்தைத் தள்ளிவிடுவார்கள்.

நிலைகளையே மாற்றப் போகிறார்களாமே?

2025 ஏப்ரலில் ஆணையம் தற்காலிகக் கருத்தாக ஒரு புதிய தரவரிசையை முன்வைத்தது. சிலருக்கு நிலை இறங்கிவிடுமோ என்று சங்கங்கள் பதறியதில் நியாயம் உண்டு. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள்: உங்கள் வேலை விவரக் குறிப்பையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வீட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அலுவலகக் கணினியில் இருப்பது போதாது.