பாட்டி பெட்டியில் ‘சக்கரவர்த்தினி’: லேமினேட் வேண்டாம்!

வணக்கம் சகோதரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில், பாட்டியின் தகரப் பெட்டியில் 1906ஆம் வருட ‘சக்கரவர்த்தினி’ இதழ்கள் இரண்டு கிடைத்தன, பூச்சி அரிக்கிறது, லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை அப்புறம் பிரிக்க முடியாது. நான் ஒரு பழைய இதழின் கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினேன். பசை பழுப்பாக ஊறி எழுத்தையே மறைத்துவிட்டது. இன்றும் வயிறெரிகிறது.

பூச்சிக்கு டீப் ஃப்ரீசர்தான் மருந்து. ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள், ஒரு நாள் பையோடு கிடக்கட்டும். இல்லையென்றால் நம்மூர் ஈரக்காற்றில் தாள் வியர்த்துவிடும். பிறகு தாளைக் கெடுக்காத அமிலமற்ற உறையில் போட்டு வையுங்கள், சரியா?

1905இல் தொடங்கிய இந்தப் பெண்கள் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் பாரதியார். அதனால் பழைய பேப்பர்காரர் சொல்லும் விலைக்கு அசைந்துவிடாதீர்கள்.