கூர்நோக்கு இல்லத்தில் ஒரு வகுப்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கூர்நோக்கு இல்லத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணிநேரம் வகுப்பெடுக்க எங்கள் நண்பர் குழுவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. நீதிக்கதைகளும் யோகாவும் சொல்லித்தர எண்ணம். என்ன நூல்கள் வாங்கலாம்? செய்த தவறைப் பற்றி அவர்களிடம் மனம்விட்டுப் பேசலாமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

பேசக் கூடாது. அங்கே இருப்பவன் குற்றம் சாட்டப்பட்டு, இன்னும் விசாரணை முடியாத சிறுவன். அவன் தவறு செய்தான் என்று, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமமே இன்னும் சொல்லாதபோது நீங்கள் எப்படி முடிவுகட்டினீர்கள்? பதினாறு வயதுப் பையனுக்கு நீதிக்கதை சொல்வதும் அவமதிப்புதான். யோகா உங்கள் விருப்பம்.

முதல் நாள் ஒவ்வொருவனையும் தனியே அழைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு என்பான், இரண்டாம் வகுப்புப் பாடத்தில் திணறுவான். மற்றவர் முன்னால் வாசிக்கச் சொன்னால் திணறலை மறைக்க வம்பு வளர்ப்பான். பலகை எழுத்து தெரிகிறதா என்றும் பாருங்கள். சிலருக்குத் தேவை கண்ணாடி மட்டுமே. எந்த நாளும் ஜாமீன் வரலாம் என்பதால் ஒவ்வொரு பாடமும் அன்றே முடிய வேண்டும். காம்பஸ், பிளேடு வைத்த பென்சில் துருவி, கம்பிச்சுருள் நோட்டு எதையும் கொண்டுபோகாதீர்கள். வட்டம் வரைய நூலும் பென்சிலும் போதும்.

நூல்கள் இருக்கட்டும். அவன் பெயர் பள்ளி வருகைப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறதா? என் கவலையெல்லாம் அதுதான். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்; மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். அதற்குள், நீண்ட நாள் வரவில்லை என்று பள்ளியில் பெயரை நீக்கிவிட்டால்? பதினான்கு வயதுவரை கல்வி உரிமைச் சட்டம் கைகொடுக்கும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சேர்க்கையை மறுக்க முடியாது. பத்தாம் வகுப்பில் இருக்கும் பதினைந்து வயதுக்காரனுக்கு அந்தக் காப்பு இல்லை. தேர்வுக்கான பெயர்ப்பட்டியலில் விடுபட்டால் அவன் தனித்தேர்வர், அதாவது பள்ளி வழியாக அல்லாமல் தானே விண்ணப்பித்து எழுதுபவன். அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண். அதற்கும் தனியே பதிந்து பயிற்சிக்குப் போக வேண்டும். வெளியே வந்தவுடன் கூலி வேலைக்குப் போகும் பையன் இதையெல்லாம் செய்வானா?

ஆகவே மாற்றுச் சான்றிதழ் வாங்க யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். பெயர் பழைய பள்ளியிலேயே இருக்கட்டும். இல்லத்தின் நன்னடத்தை அலுவலரிடம் பேசி, தலைமையாசிரியருக்கு அவர் வழியாகவே தகவல் போகச் செய்யுங்கள். உதவுவதாக எண்ணி நீங்களே பள்ளிக்குப் போய் நின்றீர்களானால், பையன் எங்கே இருக்கிறான் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அவன் அடையாளம் வெளியே வரக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. எந்தப் பள்ளிச் சான்றிதழிலும் இல்லத்தின் பெயர் வரக் கூடாது. ஒழுக்கம் பற்றிய கட்டத்தில் இந்த வழக்கின் நிழல்கூட விழக் கூடாது. எழுதிய தாள்களை ஒரு கோப்பில் சேர்த்து, விடுதலையாகும் அன்று அவன் கையிலேயே கொடுங்கள். எந்தப் பாடம்வரை முடித்தான் என்பது முதல் தாளில் இருக்கட்டும். இல்லத்தின் முத்திரை வேண்டாம்.