அட்டை இல்லாமலும் சலுகை உண்டு

கேள்வி: என் மகள் மான்செஸ்டரில் முழுநேர முதுகலை படிக்கிறாள். தேசிய மாணவர் சங்க அட்டை இல்லாததால் மாணவர் சலுகைகள் கிடைக்காது என்று தோழிகள் சொல்கிறார்களாம். உண்மையா?
- வாசகி, திருச்சி

பதில்: இல்லை, அம்மா. பின்னாளில் 'டோட்டம்' என்று பெயர் மாறிய அந்த அட்டை கட்டாயமில்லை. அது இல்லாமலேயே பெரும்பாலான சலுகைகளைப் பெறலாம். யூனிடேஸ், ஸ்டூடன்ட் பீன்ஸ் ஆகிய இரண்டு தளங்களிலும் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு இலவசமாகப் பதிந்துகொண்டால், துணிக்கடை முதல் மடிக்கணினி வரை தள்ளுபடிக் குறியீடுகள் கிடைக்கும். அருங்காட்சியகக் கண்காட்சிகளிலும் திரையரங்குகளிலும் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டினாலே பெரும்பாலும் போதும்.

ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு வாங்கச் சொல்லுங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், 26 வயதைத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவி என்பதைப் பல்கலைக்கழகம் உறுதிசெய்தால் அது கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை மிச்சமாவது கவுன்சில் வரியில்தான், அதாவது குடியிருக்கும் வீட்டுக்காக நகர மன்றம் வசூலிக்கும் வரியில். வீட்டில் வசிக்கும் அனைவரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் அவ்வரியே கிடையாது. ஆனால் வேலைக்குச் செல்லும் ஒருவர் உடன் தங்கினால் முழு விலக்கு போய், 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே மிஞ்சும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உடன் தங்குபவர் யாரென்று கேட்டுக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் மாணவர் சான்றிதழை நகர மன்றத்துக்கு உடனே அனுப்பிவிடட்டும்.