பயோ டேங்க் தாண்டியும் சாயத்தண்ணீரில் டி.டி.எஸ். ஏன் குறைவதில்லை?

டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு போன்றவற்றின் மொத்த அளவு. பயோ டேங்க் என்பது பாக்டீரியாவை விட்டுக் கழிவைத் தின்னவைக்கும் தொட்டி. அதில் நிறம் போனால் உப்பும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. தெளிந்த தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள், லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் கூடக் காட்டும், வெளியே விடுவதற்கான வரம்போ 2,100. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற, அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60–80 கிராம் உப்பு கொட்டுகிறோம். அது துணியில் தங்காது, பாக்டீரியாவும் தின்னாது. கலங்கல் தெளியப் படிகாரம் போட்டால் டி.டி.எஸ். சில நேரம் ஏறவே செய்யும்!

திருப்பூரில் ஆர்.ஓ. (தண்ணீரை அழுத்தி, உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே வடிக்கும் முறை) வந்தது இதனால்தான். அதுவும் உப்பை அழிப்பதில்லை, ரிஜெக்ட் எனும் மிச்ச உப்புத்தண்ணீரில் ஒதுக்குகிறது. காசெல்லாம் கரைவது அந்த ரிஜெக்டை எவாப்பரேட்டரில் (தண்ணீரை ஆவியாக்கும் இயந்திரம்) காய்ச்சும்போதுதான். என்னைக் கேட்டால், சாதா உப்பை விட்டு சோடியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். ரிஜெக்டைக் குளிரவைத்தால் படிகமாகப் பிரியும். மறுபடி சாயத்தொட்டிக்கே போடலாம். உப்பு அதிகமுள்ள முதல் சாயத்தண்ணீரை, பிறகு வரும் அலசல் தண்ணீரோடு கலக்காமல் தனிக் குழாயில் எடுத்தால் ஆர்.ஓ.வின் சுமையும் இறங்கும்.