1955 அமெரிக்க சென்ட்டில் இரட்டை 5: நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மாமனார் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் சேர்த்து வைத்த வெளிநாட்டுச் சில்லறையில் 1955 என்று போட்ட அமெரிக்க ஒரு சென்ட் காசு இருக்கிறது. கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிகிறது. ஆன்லைனில் படம் போட்டதும் ஒருவர் போன் செய்து 2 லட்சம் தருகிறேன் என்கிறார். முதலில் ரிசர்வ் வங்கிப் பதிவுக்காக 4,500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். அனுப்பலாமா?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: ஒரு பைசாகூட அனுப்பாதீர்கள். பழைய காசு விற்பதற்கு ரிசர்வ் வங்கி கட்டணமோ கமிஷனோ வாங்குவதே இல்லை; தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, காசுக்கு வருவோம். 1955-இல் பிலடெல்ஃபியா நாணயச் சாலையில் காசு அடிக்கும் ஓர் அச்சைத் தயாரிக்கும்போது, அதில் உருவத்தை இரண்டாவது முறை அழுத்துகையில் சற்றே திரும்பிப் பதிந்துவிட்டது. பிழை அச்சிலேயே இருந்ததால், அதில் அடித்த அத்தனை காசிலும் ஒரே மாதிரி இரட்டிப்பு. கவனிப்பதற்குள் மற்ற காசுகளோடு கலந்து, 20,000-க்கும் மேல் வெளியே போய்விட்டதாகச் சொல்வார்கள். அப்போது மெஷினில் 25 சென்ட் போட்டு 23 சென்ட் சிகரெட் வாங்கினால், மீதி 2 சென்ட் பாக்கெட்டின் மேலுறைக்குள்ளேயே இருக்கும். அந்த வழியாகவும் பல காசுகள் மக்கள் கைக்கு வந்தன. இன்று அந்தக் காசு ஆயிரம் டாலரைத் தாண்டும்.

ஆனால் 5 மட்டும் இரட்டை என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. அசலில் ஆண்டின் நான்கு இலக்கங்களும், லிங்கன் தலைக்கு மேலுள்ள வாசகமும், இடப்பக்கத்து 'லிபர்ட்டி'யும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். பின்பக்கம் இரட்டிப்பு இருக்காது. கடைசி 5 மட்டும் நிழல் விழுந்தாற்போல் இருந்தால், அது அச்சு தேய்ந்ததால் வந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதற்கு 'ஏழையின் இரட்டை அச்சு' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு டாலர் கிடைத்தால் பெரிது.

எதற்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒருமுறை பாருங்கள். நிஜமான இரட்டை அச்சில் இரண்டு உருவமும் உருண்டு திரண்டு, எழுத்தின் நுனி பிளந்து நிற்கும். எழுத்தை ஒட்டித் தட்டையாக ஒரு படி மட்டும் தெரிந்தால், அடிக்கும்போது அச்சு ஆடியிருக்கிறது. அதற்குக் கூடுதல் விலை எதுவும் கிடைக்காது. நம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் காசை வைத்துக்கொண்டு லட்சம் கேட்பவர்கள் காட்டுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

எல்லா எழுத்தும் இரட்டையாக இருந்தால் மட்டும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பச் செலவு செய்யலாம். இந்தக் காசில் போலி அதிகம் என்பதால் சான்று இல்லாமல் நல்ல விலை வராது. அதுவரை பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்கு விலை குறைந்துவிடும்.