ஸ்குவாஷ் கற்றுக்கொண்டால் ஹார்வர்டில் இடம் கிடைக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகனுக்கு 15 வயது, நன்றாகப் படிக்கிறான். இப்போதே ஸ்குவாஷ் விளையாட்டில் சேர்த்தால் ஹார்வர்ட் மாதிரி இடங்களில் சுலபமாக நுழைந்துவிடலாம் என்கிறார்கள் தெரிந்தவர்கள். என் கணவர் பயிற்சிக்குப் பணம் கட்டத் தயாராகிவிட்டார். எனக்கோ இது குறுக்குவழியாகப் படுகிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். தெரிந்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை. ஹார்வர்ட் மீது நடந்த சேர்க்கை வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, பயிற்சியாளர் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் அந்த 86, ஸ்குவாஷ் ஆடுகிற எல்லாப் பிள்ளைகளுக்குமான கணக்கு அல்ல. கல்லூரி அணியின் பயிற்சியாளர் ‘இவர் எனக்கு வேண்டும்’ என்று பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பே மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகத்திடம் காட்டி, தேறுமா என்று பார்த்துவிடுவார்கள். தேறாதவர்கள் பெரும்பாலும் அங்கேயே கழன்றுவிடுவார்கள். பயிற்சியாளர் கேட்காவிட்டால் உங்கள் மகனின் ஸ்குவாஷ், விண்ணப்பத்தில் இன்னொரு வரி, அவ்வளவுதான்.

சரி, பயிற்சியாளர் யாரைக் கேட்கிறார்? எகிப்திலிருந்து வந்து ஹார்வர்டுக்கு ஆடிய அலி ஃபராக் பின்னாளில் உலக சாம்பியனே ஆனார். எல்லாரும் அப்படி இல்லைதான். ஆனால் சிறுவயதிலிருந்தே மட்டையோடு வளர்ந்த பிள்ளைகளோடுதான் போட்டி. பெரும்பாலான விளையாட்டுகளில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதமே பயிற்சியாளர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பதினைந்தில் தொடங்கி அவர்களைப் பிடிப்பது நடக்காத காரியம் என்றே நினைக்கிறேன்.

உதவித்தொகைக் கணக்கு எதுவும் உங்கள் கணவர் மனதில் இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். ஹார்வர்ட் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை; குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன.

குறுக்குவழியா என்று கேட்டீர்கள். எட்டு வயதிலிருந்து விடிகாலையில் எழுந்து ஆடிய பிள்ளையை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஸ்குவாஷ், படகோட்டம் போன்றவை வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் எட்டுகின்றன. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறையைத் தடுத்தது. விளையாட்டுச் சலுகை அப்படியே நிற்கிறது. உங்கள் உறுத்தல் நியாயமானதுதான். (பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து, ஆடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டிய 2019 மோசடி வேறு கதை. அதைச் சொல்லிக் கணவரைப் பயமுறுத்தாதீர்கள்!)

பணம் கட்டுவதற்கு முன் பயிற்சி மையத்தில் ஒன்று கேளுங்கள்: இந்த வயதில் இங்கே சேர்ந்த யாரையாவது கல்லூரி அணி தேர்ந்தெடுத்திருக்கிறதா? அப்புறம் மகனிடமும் கேளுங்கள். அவனுக்கு ஸ்குவாஷ் பிடிக்குமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே. பிடித்தால் தாராளமாக ஆடட்டும், ஹார்வர்ட் கணக்கு இல்லாமல்.